நலவாழ்வுப் பாடம்: பல்லடைப்பு சரியாகப் பொருந்தாவிடில் முரசுக்கு என்ன நடக்கும்?

ஆலயத்தில் மதியப் பூசை முடிந்து அன்னதானமும் உண்டபின், கைகழுவும் இடத்தில் சிலர் மட்டும் நெடுநேரம் நின்று வாய் கொப்பளிப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். முருங்கைக்காய்ச் சக்கையோ, கடலைத் தோலோ, கீரை நாரோ பல்லிடுக்கில் அகப்பட்டிருக்கும். சட்டைப்பையில் குத்தூசி வைத்திருக்கும் பெரியவர்களும் உண்டு. உணவு எல்லாப் பற்களுக்கிடையிலும் அகப்பட்டால் அது வேறு கதை. ஒவ்வொரு முறையும் அதே பல், அதே இடுக்கு, அதே பக்கம் என்றால் அந்த இடத்தில் ஒரு காரணம் இருக்கவேண்டும். அந்தப் பல்லில் முன்பொருநாள் அடைத்த அடைப்பு ஒன்று இருக்கிறதா என்று நாவால் தடவிப் பாருங்கள். பலருக்கு இருக்கும்.

பல்லடைப்பு என்றதும் எம்மவர் எண்ணுவது பல்லைப் பற்றி மட்டுமே. சூத்தை நின்றதா, நோவு போனதா, எத்தனை குரோணர் முடிந்தது என்பதோடு விடயம் முடிந்துவிடுகிறது. அடைப்பின் விளிம்பு முரசைத் தொடும் இடத்தில் என்ன நிலையில் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் பல்லைத் தாங்கி நிற்பது முரசும் (தமிழகத்தார் ஈறு என்பர்) அதன் கீழுள்ள எலும்பும்தான். நல்ல தூணுக்கு நல்ல நிலம் வேண்டும். எனவே இம்முறை இந்த விளிம்பைப் பற்றியே பாடம்.

முரசின் அமைப்பு

முரசு பல்லோடு சீமெந்து பூசியதுபோல் ஒட்டியிருப்பதில்லை. பல்லைச் சுற்றி, சட்டைக் கழுத்துப்பட்டிபோல, ஓர் ஆழங்குறைந்த மடிப்பு இருக்கிறது. ஆரோக்கியமான வாயில் இந்த மடிப்பின் ஆழம் ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் வரையில்தான். மடிப்பின் அடியில் முரசுத் தோலும் அதன் நார்களும் பல்லைப் பற்றிப் பிடித்திருக்கின்றன. இந்தப் பிடிப்புப் பகுதியின் உயரம் சராசரியாக 2 மில்லிமீற்றர். அதற்குக் கீழே எலும்பு.

இந்த 2 மில்லிமீற்றர் ஒரு வேலி போன்றது. வாயிலே வாழும் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் எலும்பை நோக்கிப் போகாதபடி தடுப்பது இதுவே. பல்வைத்தியர் அடைப்பை மிக ஆழமாகக் கொண்டுபோய் இந்த வேலிக்குள்ளே விளிம்பை வைத்துவிட்டால், முரசு அதனை ஏற்றுக்கொள்வதில்லை. சிலருக்கு அவ்விடம் எந்நேரமும் சிவந்து வீங்கியே இருக்கும். சிலருக்கு உடல் தானாகவே எலும்பைக் கீழிறக்கி, வேலியைப் புதிய இடத்தில் அமைத்துக்கொள்ளும். எலும்பு இறங்கினால் அது மீண்டும் தானாக ஏறாது.

அடைப்பு எவ்வாறு பிழைக்கிறது?

இரண்டு பற்கள் நெருங்கி நிற்கும் பக்கத்தில் சூத்தை வந்தால் அதனை அடைப்பது எளிய வேலையன்று. பக்கச்சுவர் இல்லாத கிணற்றுக்குக் கொங்கிறீற் இடுவதுபோல, முதலில் பலகை அடிக்கவேண்டும். பல்வைத்தியர் பலகைக்குப் பதிலாக மெல்லிய உலோகப் பட்டி ஒன்றைப் பல்லைச் சுற்றிக் கட்டுகிறார். பட்டி பல்லின் அடியோடு இறுக ஒட்டும்படி இரு பற்களுக்கும் இடையே சிறிய மர ஆப்பு அல்லது பிளாஸ்ரிக் ஆப்பு ஒன்றைச் செருகுகிறார். அதன் பின்னரே அடைக்கும் பொருளை உள்ளே இடுகிறார்.

ஆப்பு சரியாக இறுகாவிட்டால், பலகை விலகிய இடத்தால் கொங்கிறீற் பிதுங்குவதுபோல, அடைப்புப் பொருள் பட்டிக்கும் பல்லுக்கும் இடையால் வழிந்து முரசின் கீழே ஒரு திண்ணையாக இறுகிவிடும். கூரையின் தாழ்வாரம் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதுபோல அது நிற்கும். இதனையே பல்வைத்தியர்கள் அடைப்பின் துருத்தல் என்பார்கள். இங்கு நோர்வேஜிய மொழியில் ஒவெர்ஸ்குட் எனப்படும். மேற்றாடையின் முதலாவது முன்கடைவாய்ப் பல் இதற்குப் பேர்போனது. அதன் வேர்ப்பக்கம் உட்குழிந்திருப்பதால், நேரான ஆப்பு அந்தக் குழிவை நிரப்பாமல் ஒரு சந்து விட்டுவிடுகிறது. கைதேர்ந்த வைத்தியருக்கும் இந்தப் பல் சிரமந்தான் என்பதையும் நியாயத்தோடு சொல்லவேண்டும்.

துருத்தல் மட்டுமே பிழையன்று. அடைப்பு விளிம்புவரை எட்டாமல் குறைந்துபோய்ப் படிபோல் நிற்கலாம். மேற்பரப்பு மினுக்கப்படாமல் சொரசொரப்பாக விடப்படலாம். பக்கத்துப் பல்லோடு தொடவேண்டிய இடத்தில் தொடாமல் இடைவெளி விடப்படலாம். இந்தக் கடைசிப் பிழையில்தான் சாப்பாடு ஒவ்வொரு கடியிலும் ஆப்புப்போல முரசுக்குள் இறக்கப்படுகிறது. குத்தூசிக்காரர் பலரின் கதை இதுவே.

வெள்ளை அடைப்புக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நோர்வே 2008ஆம் ஆண்டு தொடக்கத்தில் பாதரசப் பொருட்களைத் தடைசெய்தபோது பற்களுக்கான இரசக்கலவையும் அதற்குள் அடங்கியது. அன்றிலிருந்து இங்கே வழக்கத்தில் இருப்பது பிசின் வகையான வெள்ளை அடைப்புத்தான். அது நீல ஒளியில் இறுகும்போது சிறிது சுருங்கும். பல்லோடு ஒட்டவேண்டுமானால் அவ்விடம் ஈரமற்று இருக்கவேண்டும். முரசிலிருந்து இரத்தம் கசிந்தால் ஒட்டு கெட்டுவிடும். ஆகவே முரசு கெட்டிருந்தால் அடைப்புக் கெடும். அடைப்புக் கெட்டால் முரசு மேலும் கெடும். அவசரமில்லாத இடத்தில், முதலில் பல்லைத் துப்புரவாக்கி, இரண்டொரு வாரம் முரசை ஆறவிட்டுப் பின் அடைக்கும் வைத்தியரை “இழுத்தடிக்கிறார்” என்று நாம் குறை சொல்வது சரியன்று. அவர் முறைப்படியே செய்கிறார்.

இவ்விடத்தில் ஒரு சொல். பழைய கறுப்பு அடைப்பு இருப்பவர்களிடம் “அதிலுள்ள பாதரசந்தான் முரசைக் கெடுக்கிறது” என்று சொல்லிப் பயமுறுத்துவோர் உண்டு. முரசைக் கெடுப்பது பெரும்பாலும் பொருள் அன்று, வடிவம். நன்றாகப் பொருந்தி, மினுங்கிக்கொண்டு நிற்கும் பழைய கறுப்பு அடைப்பை நிறத்துக்காகத் தோண்டி எடுப்பதால், நல்ல பல்லின் ஒரு பகுதியும் சேர்ந்து போகிறது. துருத்திக்கொண்டிருக்கும் வெள்ளை அடைப்போ, எவ்வளவு அழகாக இருந்தாலும் முரசுக்குப் பகை.

துருத்தலின் கீழே நடப்பது

தாழ்வாரத்தின் கீழே விளக்குமாறு எட்டாத மூலையில் குப்பை சேர்வதுபோல, துருத்தலின் கீழே பற்தூரிகை எட்டுவதில்லை. பல்லூத்தை அங்கே தங்குகிறது. ஊத்தை என்றால் வெறும் உணவுத் துகள் அன்று. அது பற்றீரியாக்கள் குடியிருக்கும் படலம். ஹரால்ட் லோ என்ற நோர்வேப் பேராசிரியர் 1965இல் டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு இன்றும் பல்வைத்திய மாணவருக்கு முதற் பாடம். ஆரோக்கியமான முரசு உடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் முரசழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது மாறியது. துருத்தலின் கீழ் வாழும் முரசின் நிலை, அந்த 12 பேரும் துலக்காமல் இருந்த நாட்களின் நிலைதான். ஒரு வேறுபாடு: அவர்களுக்கு மூன்று வாரத்தில் விடுதலை கிடைத்தது.

துருத்தல் ஊத்தையைக் கூட்டுவதோடு நிற்பதில்லை, அதன் குணத்தையும் மாற்றுகிறது. சுவிற்சர்லாந்தின் பேராசிரியர் நிக்லவுஸ் லாங்கும் அவரது குழுவினரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல முரசுடைய ஒன்பது பல்வைத்திய மாணவர்களின் கடைவாய்ப் பற்களுக்கு, ஒரு மில்லிமீற்றர் துருத்தல் வேண்டுமென்றே விட்ட தங்க அடைப்புகளை இட்டார்கள். 19 முதல் 27 வாரங்கள் கழிந்தபின் அவை அகற்றப்பட்டுச் சரியாகப் பொருந்தும் அடைப்புகள் இடப்பட்டன. சிலருக்கு இந்த ஒழுங்கு மாற்றிச் செய்யப்பட்டது. துருத்தல் இருந்த காலத்தில் மடிப்புக்குள் வாழ்ந்த பற்றீரியாக் கூட்டம் நீண்டகாலப் பல்சூழ் நோயாளரிடம் காணப்படும் கூட்டத்தை ஒத்ததாக மாறியது. காற்று விரும்பாத, கருநிறக் குடியிருப்புகளாக வளரும் வகைகள் பெருகின. சரியான அடைப்பு இருந்த காலத்தில் ஆரோக்கியமான முரசுக்குரிய கூட்டமே இருந்தது. அதே வாய், அதே மனிதர், அதே தூரிகை. மாறியது ஒரு மில்லிமீற்றர் மட்டுமே. தம் வாயையே ஆய்வுகூடமாக்கிய அந்த மாணவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். இன்று இப்படியான ஆய்வுக்கு அனுமதி கிடைக்குமோ என்பது ஐயமே.

ஒஸ்லோவும் தேயிலைத் தோட்டமும்

பேராசிரியர் லோ செய்வித்த இன்னொரு பெரிய ஆய்வு எம்மவருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஒஸ்லோவில் வாழும் எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1969இல் ஒஸ்லோவின் மாணவரும் கல்விமான்களுமான 565 ஆண்களின் வாயையும், 1970இல் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 தமிழ் ஆண் தொழிலாளரின் வாயையும் ஆய்வாளர்கள் பரிசோதித்து, பல வருடங்களாகத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பக்கம் சிறுவயது முதல் பல்வைத்தியம் பெற்றவர்கள். மறுபக்கம் பல்வைத்தியர் ஒருவரையும் காணாத, பற்தூரிகை பிடித்தறியாத தோட்டத் தொழிலாளர். தோட்டத்தவருக்குச் சூத்தை அநேகமாக இல்லை. ஆனால் முரசழற்சி எல்லோருக்கும் இருந்தது. 15 வருடங்களில் அவர்களில் ஏறத்தாழ 8 வீதத்தினருக்குப் பல்லின் பிடிப்பு மிக வேகமாக அழிந்தது. 81 வீதத்தினருக்கு மிதமாக அழிந்தது. 11 வீதத்தினருக்கு முரசழற்சியோடு நின்றுவிட்டது. உலகெங்கும் பல்சூழ் நோய்ப் பாடநூல்களில் இந்த மூன்று எண்களும் இடம்பெறுகின்றன. எம் மலையக உறவுகளின் வாயிலிருந்து உலகம் படித்த பாடம் அது. அவர்கள் பெற்ற பயன் அதற்கு ஈடானதா என்று கேட்கவும் எமக்கு உரிமை உண்டு.

ஒஸ்லோப் பக்கத்தில்தான் அடைப்புக்கான விடை கிடைத்தது, ஏனெனில் அடைப்பு இருந்தது அவர்களிடமே. 1969 முதல் 1995 வரை 26 வருடங்கள் எல்லாப் பரிசோதனைகளுக்கும் வந்த 160 ஆண்களின் பதிவுகளை ஆராய்ந்து, 2001இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. முரசுக்குக் கீழே விளிம்பு போன அடைப்புள்ள இடங்களையும், விளிம்பு முரசைவிட்டு ஒரு மில்லிமீற்றருக்கு மேல் விலகி நின்ற இடங்களையும், அடைப்பே இல்லாத இடங்களையும் ஒப்பிட்டார்கள். முரசுக்குக் கீழே போன இடங்களில் அழற்சி கூடுதலாக இருந்தது. பிடிப்பும் கூடுதலாக இழக்கப்பட்டது. அந்த இழப்பு அடைப்பு இட்டு ஒன்று முதல் மூன்று வருடங்களிலேயே தெரியத் தொடங்கியது. இவர்கள் படித்தவர்கள், பல்லைப் பேணியவர்கள் என்பதை மறக்கக்கூடாது. “நான் நன்றாகத்தான் துலக்குகிறேன், ஏன் இந்த ஓரிடத்தில் மட்டும் இரத்தம்?” என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் எம்மிடம் இல்லை.

எம்மிடையே நடப்பது வேறு. இரத்தம் வருகிறது என்று தெரிந்ததும், நோகுமென்று அவ்விடத்தைத் துலக்காமல் விட்டுவிடுகிறோம். அல்லது உப்பும் கராம்புத் தைலமும் வைத்து நாளைக் கடத்துகிறோம். வைத்தியர் “வடிவாய்த் துலக்குங்கள்” என்றால் வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறோம். துலக்க முடியாதபடி ஒரு திண்ணை அங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல மொழியும் வருவதில்லை, துணிவும் வருவதில்லை. முதியவர்களிடம் இதனை நாம் அதிகம் காண்கிறோம். ஐந்தாறு வருடம் கழித்துப் பல் ஆடத் தொடங்கியதும் “வயதுதானே” என்று பிடுங்குவித்துவிடுகிறார்கள். வயதுக்காகப் பல் ஆடுவதில்லை. தாங்கும் எலும்பு போனதால் ஆடுகிறது.

வீட்டிலே கண்டுபிடிக்கும் வழி

பல்லிடை நூல் ஒரு நல்ல சாட்சி. அடைப்புள்ள பல்லின் பக்கத்தில் நூலை மெதுவாக இறக்கி, பல்லை அணைத்தபடி மேலே இழுங்கள். நூல் ஏதோவொன்றில் கொளுவி இழைஇழையாகப் பிரிந்தால் அல்லது அறுந்தால் அங்கே விளிம்பு சரியில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அங்கே புதிய சூத்தையும் இருக்கலாம், எதுவாயினும் காட்டவேண்டியதே. நூல் எவ்வித இறுக்கமுமின்றி வழுக்கிக்கொண்டு இறங்கினால், பக்கத்துப் பல்லோடு தொடுகை இல்லை. நூலை முகர்ந்து பாருங்கள். அருவருப்பாக இருந்தாலும் பயனுள்ள சோதனை. ஓரிடத்து நூல் மட்டும் நாறினால் அவ்விடத்தில் ஊத்தை அழுகிக்கொண்டிருக்கிறது. நாவுக்கு உறுத்துதல், இரு பற்களுக்கிடையே முரசு முக்கோணமாக வீங்கிச் சிவந்திருத்தல், சாப்பிட்டதும் அமுக்கம்போல் ஒரு நோவு என்பனவும் அறிகுறிகள். புகைப்பவருக்கு மட்டும் எச்சரிக்கை: புகையிலை முரசின் இரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும். இரத்தம் வரவில்லை என்பது அவருக்கு நற்சாட்சிப் பத்திரம் ஆகாது.

வாய் முழுவதும் இரத்தம் வந்தால் அடைப்பைக் குற்றஞ்சாட்ட வேண்டாம். அது பொதுவான ஊத்தையாலோ, நீரிழிவாலோ, சில மருந்துகளாலோ, கர்ப்பகால மாற்றத்தாலோ இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் எம்மிடையே பெருந்தொகையினர். அவர்களுக்குப் பல்சூழ் நோய் வரும் அபாயம் கூடுதல். முரசு நோய் கட்டுப்பட்டால் சீனியின் அளவும் ஓரளவு இறங்குவது காணப்பட்டுள்ளது. ஆகவே நீரிழிவாளரின் வாயில் ஒரு துருத்தலையும் “பிறகு பார்ப்போம்” என்று விடலாகாது.

வைத்தியரிடம்

வைத்தியர் கடிநிலை எக்ஸ்றே எடுத்தால் இரு பற்களுக்கிடையிலான துருத்தல் வெள்ளை முள்போலத் தெரியும். கன்னப்பக்கமும் நாக்குப்பக்கமும் உள்ள துருத்தல் எக்ஸ்றேயில் மறைந்துவிடும். அதற்கு மெல்லிய கம்பியால் தடவிப் பார்க்கவேண்டும். இங்கிலாந்தில் வாழும் உறவினருக்கு ஒரு குறிப்பு: அங்கே வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை முரசுப் புள்ளி இடுவார்கள். ஆழமான பை இல்லாவிட்டாலும், துருத்தும் அடைப்பு ஒன்று இருந்தாலே அப்பகுதிக்கு 2 இடவேண்டும் என்பது விதி. துருத்தலை அவர்கள் கல்லாய் இறுகிய ஊத்தைக்குச் சமனாக வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சிறிய துருத்தலை அடைப்பை எடுக்காமலே அராவி மினுக்கிவிடலாம். இது சில நிமிட வேலை. விறைப்பூசிகூடச் சிலவேளை தேவைப்படாது. துருத்தல் பெரிதானால், தொடுகை இல்லையானால், அல்லது அடியில் சூத்தை தொடங்கியிருந்தால் புதிதாக அடைக்கவேண்டும். விளிம்பு முன்சொன்ன வேலிக்குள் போயிருந்தால் முரசையும் எலும்பையும் சிறிது இறக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். அந்த நிலையில் செலவு, பல்லின் எதிர்காலம் இரண்டையும் கேட்டறிந்தே முடிவெடுக்க வேண்டும். அழற்சி மட்டும் இருந்த இடத்தில் துருத்தல் போனதும் சில வாரங்களில் இரத்தம் நிற்கும். இழந்த எலும்பு பெரும்பாலும் இழந்ததே. எனினும் மேலும் இழப்பதை நிறுத்தலாம்.

மொழி தடையாக உள்ள பெரியவர்களுக்காகச் சில நோர்வேஜிய வாக்கியங்களைத் தமிழில் எழுதித் தருகிறோம். இவற்றை வெட்டிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம். “தெ ப்ளோர் பாரெ ஹேர்”: இங்கே மட்டுமே இரத்தம் வருகிறது. “மாத்தென் செத்தெர் செய் ஃபஸ்ட்”: சாப்பாடு அகப்படுகிறது. “ஏர் தெ ஒவெர்ஸ்குட் போ ஃபில்லிங்கென்?”: அடைப்பில் துருத்தல் இருக்கிறதா? உச்சரிப்புப் பிழைத்தாலும் விரலால் இடத்தைக் காட்டினால் வைத்தியருக்கு விளங்கும். பேரப்பிள்ளைகள் உச்சரிப்பைத் திருத்திச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பணம் பற்றியும் சொல்லவேண்டும். நோர்வேயில் 18 வயது வரை பொதுப் பல்வைத்தியம் இலவசம். அதன்பின் சில வருடங்களுக்குக் கட்டணம் குறைவு. பின்னர் பெரும்பாலானோர் தம் கையால் கொடுக்கவேண்டும். ஆனால் எலும்பு இழப்போடு கூடிய பல்சூழ் நோய்க்கு ஹெல்ஃபோ ஊடாக அரச உதவி பகுதியாகக் கிடைக்கிறது. அதற்குரிய நிலை உமக்கு இருக்கிறதா என்பதை வைத்தியரே அளந்து பதிவார். நீங்கள் வாய்திறந்து கேட்டால் போதும். அண்மையில் இட்ட அடைப்பில் பிழை கண்டால், வேறு வைத்தியரிடம் ஓடுமுன் அதே வைத்தியரிடம் திரும்பிச் செல்லுங்கள். பிழையைத் திருத்த அவருக்கு வாய்ப்புக் கொடுப்பதே முறை. பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். பிழையான வைத்தியத்தால் உண்மையான சேதம் ஏற்பட்டிருந்தால், நோயாளர் இழப்பீட்டுக்கான அரச நிறுவனமாகிய என்.பி.ஈ. இருக்கிறது; 2009 முதல் தனியார் பல்வைத்தியரின் சிகிச்சையும் அதற்குள் அடங்கும்; விண்ணப்பிக்கக் கட்டணமில்லை. எக்ஸ்றேப் படங்களின் பிரதியைக் கேட்டுப் பெற்றுவையுங்கள்.

துருத்தல் திருத்தப்படும் வரையில் அவ்விடத்துக்கு நூலைவிடப் பல்லிடைத் தூரிகை உகந்தது. அளவு முக்கியம்: நுழையும்போது மெல்லிய தடை இருக்கவேண்டும், பலவந்தம் கூடாது. தான்ப்ளையர் எனப்படும் பற்சுகாதாரப் பணியாளரிடம் ஒருமுறை அளவு பார்த்துக் கேட்டால், மருந்துக்கடையில் அந்த நிறத்தையே வாங்கிக்கொள்ளலாம். முதல் வாரம் இரத்தம் கூடவரும், அதற்காக நிறுத்தவேண்டாம். இரண்டு வாரம் கடந்தும் அதே இடத்தில் இரத்தம் நிற்காவிட்டால், திகதி குறித்துக்கொண்டு வைத்தியரை அழையுங்கள்.